ஆவிக்குப் பிழை திருத்தியவள்

தந்தியின் செல்போனில் பேய் பேச ஆரம்பித்தபோது காலை பதினொன்றேகால் மணி. பட்டப்பகல் வெளிச்சத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, எவர்சில்வர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் இருந்து அது பேசியது.

"கிளம்பிட்டேன்," என்றது.

தந்தி நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் போனான். முப்பத்தெட்டு வயது, தொப்பை, பத்து வருடம் செல்போன் கடையில் குப்பை கொட்டிய அனுபவம். கேட்காத செய்தியையும் கொண்டுவந்து சேர்ப்பான் என்பதால் அந்தப் பெயர். இப்போது அவனுக்கே செய்தி வந்திருந்தது.

"சார், யாரோ கிளம்பிட்டாங்களாம்."

"நீ உட்காரு," என்றார் ஊசி.

ஊசி ஆறடி உயரம், உடம்பில் கால் கிலோ சதை தேறாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துவிட்டு, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தவர். அவர் பார்வை போனில் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் மேல் இருந்தது.

அவள் ஒரு குளிர்பதனக் கிடங்கில் கதவுப் பொறுப்பாளர். முப்பது வயது இருக்கும். இரண்டு மாதம் முன்பு அவள் பூட்டிய அறைக்குள் அவள் கணவன் இறந்து போனான்.

"இதே ஆப்தான் சார்," என்றாள். "எங்க அத்தை தினம் ரெண்டு மணி நேரம் இதை வெச்சுக்கிட்டுத்தான் அவரோட பேசறாங்க."

"பேரு ‘மறுகரை’," என்றான் தந்தி, விளம்பரக்காரன் மாதிரி. "ஆவி கிட்ட வந்தா முள்ளு துடிக்குமாம். துடிச்சா ஆவி ஒரு வார்த்தை பேசுமாம். பத்து லட்சம் பேர் இறக்கியிருக்காங்க. ஆவிங்க எத்தனைன்னு போடலை."

"அன்னைக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்றார் ஊசி.

அவள் சொன்னாள். கிடங்கின் வாசலில் ஒரு பலகை. அதில் இரண்டு வரிசைக் கொக்கிகள். மேல் வரிசை உள்ளே, கீழ் வரிசை வெளியே. ஆளுக்கு ஒரு நம்பர் போட்ட பித்தளை வில்லை. உள்ளே போகிறவர் தன் வில்லையை மேலே மாட்ட வேண்டும், வந்ததும் கீழே மாற்ற வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் வரிசை காலியாக இருந்தால் அவள் விளக்கை அணைத்துப் பூட்ட வேண்டும்.

"அன்னைக்குக் காலியா இருந்துது. பூட்டினேன்."

"குரல் குடுத்துப் பார்க்கலையா?"

"அறுபதடி ஆழம் சார். கம்ப்ரஸர் சத்தத்துல நம்ம குரல் நமக்கே கேக்காது. பலகையைத்தான் நம்பணும்."

"உள்ளேர்ந்து திறக்க வழி?"

"கைப்பிடி இருக்கு. ஐஸ் கட்டி இறுகிப் போயிருந்துது. ரெண்டு வாரமா எழுதிக் குடுத்துட்டே இருந்தோம்."

"ராத்திரி அவர் வீட்டுக்கு வரலைன்னு தேடலையா?"

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். "காலைல சண்டை. கோவத்துல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டார்னு நெனச்சேன். அவங்க, அவர் என்கூட இருக்கார்னு நெனச்சிருக்காங்க."

"சண்டைல என்ன சொன்னீங்க?"

ஊசியின் பெயர்க் காரணம் அறைக்குள் எட்டிப் பார்த்தது.

"‘அந்தப் பெட்டிக்குள்ளயே கிடந்து உறைஞ்சு போ’ன்னு சொன்னேன். அத்தை வாசல்ல நின்னு கேட்டாங்க. இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லலை. இப்போ இந்த ஆப் பேசறதைக் கேட்டதும் சந்தேகம் தீர்ந்துடுச்சாம். இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுக்கப் போறாங்க. என் பொண்ணும் அவங்ககிட்டதான் இருக்கா. ‘கொலைகாரிகிட்ட புள்ளைய விடமாட்டேன்’ங்கறாங்க."

"ஆவி சொன்னதை எந்த போலீஸும் எழுதிக்காதும்மா," என்றான் தந்தி ஆறுதலாக.

"பெத்த அம்மா சொன்னதை எழுதிக்கும்," என்றார் ஊசி.

"சத்தியமா," என்றது தந்தியின் போன்.

மூவரும் அதைப் பார்த்தார்கள். ஊசி ஸ்டேப்ளரை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரையில் பச்சை முள் துள்ளியது. "பத்து நிமிஷம்," என்றது குரல். விலக்கினார். மறுபடி கிட்டே கொண்டுபோனார். "பசிக்குது."

"முள்ளு திசைகாட்டி. இரும்பு கிட்ட வந்தா ஆடுது," என்றார். "வார்த்தை எங்கேர்ந்து வருது? கடைசியா உன் பொண்டாட்டிக்கு என்ன அனுப்பின?"

"கிளம்பிட்டேன்னு அனுப்பினேன்."

"எங்கேர்ந்து?"

"படுக்கைலேர்ந்து சார்."

"அதுக்கப்புறம்?"

"சத்தியமா பத்து நிமிஷத்துல வந்துடறேன்னு..." தந்தி போனைப் பிடுங்கி, ஆப் கேட்ட அனுமதிப் பட்டியலைத் தேடித் தட்டினான். எல்லாரையும் போல அவனும் படிக்காமல்தான் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தியிருந்தான். "இருக்கு சார். ‘கீபோர்டில் சேமித்த சொற்கள்.’ நாம அடிக்கடி டைப் பண்ற வார்த்தையை கீபோர்டு ஞாபகம் வெச்சுக்கும். மெசேஜை அழிச்சாலும் அது போகாது. அந்த மூட்டையிலேர்ந்து எடுத்துப் பேசுது திருட்டு ஆப்!"

அந்தப் பெண் பாதி எழுந்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக முகத்தில் ரத்தம் ஓடியது. "அப்போ எல்லாம் பொய்தானே சார்?"

"உங்க அத்தை வெச்சிருக்கற போன் யாரோடது?"

"அவரோடதுதான். அவர் தம்பி கொண்டுவந்து அத்தைகிட்ட குடுத்தார்."

ஊசி ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ பொய்னு சொல்ல முடியாதும்மா. பேசறது ஆப். வார்த்தை அவரோடது."

அவள் மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள்.

*

மாமியாரின் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. கூடத்தில் இரும்பு பீரோ. பீரோவின் நடுத்தட்டில் ஒரு கைக்குட்டையை விரித்து அதன் மேல் போனைப் படுக்க வைத்திருந்தார்கள். இரும்புக்குள் வைத்த திசைகாட்டி துள்ளாமல் என்ன செய்யும் என்று தந்தி நினைத்தான். சொல்லவில்லை. இந்த வீட்டில் வாய்க்கு வேலை கொடுக்க அவனுக்கே பயமாக இருந்தது.

"அவ அனுப்பின ஆளுங்கதானே?" என்றாள் அந்த அம்மாள், கதவை ஒரு சாண் மட்டும் திறந்து.

"ஆமாம்மா," என்றார் ஊசி.

"பொய் சொல்லலை. அதனால உள்ள வாங்க."

அறுபத்தைந்து வயது. வலது கைக் கட்டைவிரலில் அழியாத சிவப்பு மைக் கறை. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் என்று மருமகள் சொல்லியிருந்தாள். மேசை மேல் கோடு போட்ட நோட்டு இருந்தது. தேதி, நேரம், சொல் என்று மூன்று பத்தி. எழுத்து அச்சடித்த மாதிரி. சில வரிகளின் குறுக்கே சிவப்புக் கோடு.

தரையில் நாலு வயதுக் குழந்தை படுத்துக்கொண்டு எதையோ வரைந்துகொண்டிருந்தது.

"உட்காருங்க. நேரமாச்சு, அவன் பேசுவான்," என்றாள் அம்மாள். மகன் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தைச் சொல்கிற தொனி.

முள் துள்ளியது.

"கதவு," என்றது பீரோ. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

அம்மாள் எழுதினாள்.

"பூட்டியாச்சு."

எழுதினாள். ஊசியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், கேட்டுக்கொள் என்பது போல.

"பாப்பா."

"என்ன?" என்றது குழந்தை, வரைவதை நிறுத்தாமல்.

பேய்க்குப் பதில் சொல்லப் பழகியிருந்தது அந்தக் குழந்தை. தந்தி எழுந்து ஜன்னல் பக்கம் போனான். கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். உலகம் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாத்திட்டேன்," என்றது குரல்.

அம்மாள் எழுதினாள். உடனே சிவப்புப் பேனாவை எடுத்து அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"அதை ஏம்மா அடிச்சீங்க?" என்றார் ஊசி.

"அது அவன் இல்லை."

"எப்படித் தெரியும்?"

"போன்ல ராங் நம்பர் வர்றதில்லையா? அது மாதிரி நடுவுல வேற ஏதோ ஒண்ணு பூந்துடுது. நான் பெத்த புள்ளை பேச்சு எனக்குத் தெரியாதா? பொருந்தாததை அடிச்சுடுவேன். என் வேலையே அதுதானே."

"ஆவிக்கே பிழை திருத்தறீங்க," என்றான் தந்தி, வாயை அடக்க முடியாமல்.

"மனுஷங்களை விட ஆவி தேவலை. திருத்தினா சண்டைக்கு வராது."

ஊசி நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் ‘குளிர்’ என்ற சொல் அடிக்கப்பட்டு, அதன் அடியில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

"இது?"

"அவசரப்பட்டு அடிச்சுட்டேன். அப்புறம் அவன்தான்னு தெரிஞ்சுது. அடியில புள்ளி வெச்சா அடிச்சது செல்லாது, வார்த்தை அப்படியே நிக்கட்டும்னு அர்த்தம். அச்சுக் கோக்கறவங்களுக்குப் புரியும்."

"இந்த ஆப்பை யார் போட்டுக் குடுத்தது?"

"மாடி வீட்டுக் காலேஜ் பொண்ணு. சின்னவனுக்குப் பிடிக்கலை. ‘அழிச்சுடும்மா, அழிச்சுடும்மா’ன்னு நச்சரிக்கிறான். அண்ணன் குரலைக் கேட்டா அவனால தாங்க முடியலை, பாவம்."

"நீங்க இந்த போன்ல டைப் பண்றதுண்டா?"

"கண்ணு தெரியாது. பேசறதோட சரி."

"ரெண்டு பசங்களும் ஒரே மாதிரி போனா வெச்சிருந்தாங்க?"

"ஒரே நாள்ல, ஒரே கடையில வாங்கினாங்க. கலருகூட ஒண்ணு." அவள் நிறுத்தினாள். "ஏன் கேக்கறீங்க?"

"இன்சூரன்ஸ் புத்தி. எதையும் கேட்டுட்டே இருக்கும்." ஊசி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "ஒரு உதவி பண்ணுங்கம்மா. அடிச்ச வார்த்தைகளை மட்டும் இதுல எழுதித் தர முடியுமா?"

"குப்பையை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"நான் இருபது வருஷம் குப்பையைத்தான் படிச்சேன்."

அவள் நோட்டைக்கூடப் பார்க்காமல் எழுதினாள். அடித்தவை அத்தனையும் அவளுக்கு நினைவிருந்தன. ஊசி தாளை ஒரு தடவை படித்தார். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

படியிறங்கும்போது தந்தி கையை நீட்டினான். "காட்டுங்க சார்."

"காட்டினா கிடங்குல போய்த் தேட மாட்ட. கண்டுபிடிச்ச மாதிரி நடிப்ப. இப்போதைக்கு ஒரு வார்த்தை போதும். ‘மாத்திட்டேன்.’ ஒரு மனுஷன் கீபோர்டு ஞாபகம் வெச்சுக்கற அளவுக்கு அந்த வார்த்தையைத் தினம் தினம் ஏன் டைப் பண்ணணும்?"

"சட்டையை மாத்தியிருப்பாரு."

"பொண்டாட்டிக்கு அனுப்பற பொய்ல உனக்கு இருக்கற கற்பனை இதுல இல்லையே."

*

கிடங்கின் வாசலில் அவர்கள் மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் போய் நின்றார்கள். மருமகள் போன் செய்து சொல்லியிருந்ததால் காவலாளி தடுக்கவில்லை. பலகை அவள் சொன்ன மாதிரியே இருந்தது. கதவுக்கு இடது பக்கம், கண் உயரத்தில். பித்தளை வில்லைகள் கை பட்டுப் பட்டுப் பளபளத்தன. இறந்தவனின் ஏழாம் நம்பர்க் கொக்கியில் மட்டும் ஒன்றும் இல்லை.

ஊசி எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. தந்திக்குக் கால் வலித்தது.

மூன்றரைக்குத் தேநீர் மணி அடித்தது. தடித்த கதவு முனகிக்கொண்டு திறந்தது. வெள்ளைப் புகை முதலில் வந்தது. பின்னால் பஞ்சு மெத்தை மாதிரி ஜாக்கெட் போட்ட ஓர் ஆள், பெட்டி அடுக்குகிறவர், விரல்களை வாயில் வைத்து ஊதிக்கொண்டே வந்தார். மேல் வரிசையிலிருந்து தன் வில்லையை எடுத்துக் கீழே மாட்டினார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. போனை எடுத்துக் கட்டைவிரலால் ஏதோ தட்டினார்.

கதவுக்குள் இன்னும் இரண்டு பேரின் நிழல் இருந்தது.

"அண்ணே," என்றார் ஊசி. "உங்களுக்கு எத்தனை நம்பர்?"

அந்த ஆள் திடுக்கிட்டார். "பதினொண்ணு."

"நாலும் ஒன்பதும் யாரு?"

"பின்னாடி வர்றாங்க சார். கூட்டாளிங்க. வந்துடுவாங்க." பின்னால் திரும்பிப் பார்த்தார். இன்னும் வரவில்லை. "உள்ள இருந்து வந்தா விரல் மரத்துப் போயிடும் சார். அந்தச் சின்ன வில்லையைக் கொக்கியில மாட்டறதுக்குள்ள உசுரு போகும். அதனால முன்னாடி வர்றவன் மத்தவனுக்கும் சேர்த்து மாட்டிடுவான். ரொம்ப வருஷமா இப்படித்தான்."

"போன்ல என்ன தட்டினீங்க?"

"உள்ள சிக்னல் கிடையாது. பின்னாடி வர்றவன் வெளிய கால் வெச்சதும் அவன் போன்ல டிங்னு போய் விழும். அதைப் பார்த்துட்டு அவன் பலகைப் பக்கம் வராம நேரா டீ குடிக்கப் போயிடுவான்."

"என்ன வார்த்தை?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். தந்தி படித்தான்.

மாத்திட்டேன்.

கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. நிழல்கள் இரண்டும் கடைசியாக ஆட்களாக மாறி வெளியே வந்தன. அவர்களுடைய பைகளில் இரண்டு டிங். பலகையை ஏறெடுத்தும் பார்க்காமல் டீக்கு நடந்தார்கள்.

"ரெண்டு மாசம் முன்னாடி இதே பலகைக்குக் கீழதான் ஒருத்தரை எடுத்துட்டு வந்து போட்டீங்க," என்றார் ஊசி. குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்பதற்குச் சங்கடமாக இருந்தது.

பெட்டி அடுக்குகிறவர் தரையைப் பார்த்தார். "ஒரு வாரம் நிறுத்தினோம் சார். அப்புறம் குளிரு..."

"விசாரணையில ஏன் சொல்லலை?"

"சொன்னா எல்லாருக்கும் வேலை போகும். யார் மாட்டினாங்கன்னும் தெரியாது."

"அன்னைக்குக் கடைசியா ஏழாம் நம்பரோட உள்ள இருந்தது யாரு?"

அந்த ஆளின் கண் ஒரு நொடி ஓடிப்போய்த் திரும்பியது. மேற்பார்வையாளரின் கண்ணாடி அறைக்கு. அறை காலியாக இருந்தது.

"எங்கே உங்க சூப்பர்வைசர்?"

"நாலு மணிக்கே கிளம்பணும்னாரு, இப்பவே போயிட்டாரு. அம்மாவை எங்கயோ கூட்டிட்டுப் போகணுமாம்."

*

ஆட்டோவில் ஊசி அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். தந்தி படித்தான். இரண்டாவது தடவை படித்தான்.

"இதை அந்தம்மாகிட்ட யார் சார் சொல்றது?"

"யாரும் சொல்ல வேணாம்."

அவர்கள் படியேறியபோது மணி நாலு முப்பத்தைந்து. கதவு திறந்திருந்தது. அம்மாள் வெளியே போகும் உடுப்பில் தயாராக இருந்தாள். நோட்டு ஒரு துணிப்பையில். குழந்தை ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு சின்னவன் நின்றான். இருபத்தெட்டு வயது, கிடங்கின் சீருடைச் சட்டை, சவரம் செய்யாத முகம். தூக்கம் வராதவனின் கண்கள்.

"யார் சார் நீங்க?"

"உங்கண்ணிக்காக வந்தவங்க," என்றார் ஊசி.

சாவி சுற்றுவது நின்றது.

"அம்மா, இவங்களோட என்ன பேச்சு, நேரமாச்சு."

"ரெண்டு நிமிஷம்," என்றார் ஊசி. அம்மாளிடம் திரும்பினார். "ஸ்டேஷன்ல நீங்க நோட்டைக் காட்டினா, அடிச்சது என்னன்னு கேப்பாங்க. ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிடுங்க. பழகிக்கலாம்." தாளை அவள் கையில் கொடுத்தார்.

"இதுல என்ன இருக்கு?" என்றாள். ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தன் எழுத்தைப் படிக்கச் சொன்னால் மறுக்கத் தெரியாத தொழில்.

"மாத்திட்டேன்," என்று படித்தாள். "ஏழு. முன்னாடி போறேன். சரிண்ணா..."

நிறுத்தினாள்.

"படிங்கம்மா."

"அண்ணி."

குழந்தை இன்னொரு செருப்பைக் கண்டுபிடித்துவிட்டது. அதை மாட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"இறந்தவர்தான் மூத்தவர்," என்றார் ஊசி. "அவர் யாரை அண்ணாங்கப் போறார்? கட்டின பொண்டாட்டியையா அண்ணின்னு கூப்பிடுவார்?"

"அதனாலதானே அடிச்சேன்," என்றாள் அம்மாள். உடனே, பிடிவாதமாக. "அது அவன் இல்லைன்னுதானே..."

வாக்கியம் பாதியில் நின்றுபோனது. முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் பார்க்காததைப் பார்த்த கண்கள், அந்தத் தாளின் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு ஒரு தடவை போய் வந்தன. தந்தி தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செய்தி போய்ச் சேராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

அது சேர்ந்துவிட்டது. அவள் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தாள்.

"இது யாரு போன்டா?"

"அண்ணனோடதும்மா, நான்தான் சொன்னேனே..."

"யாரு போன்?"

சின்னவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். ஊசி குறுக்கே நிற்கவில்லை. ஓடுவதாக இருந்தால் ஓடலாம். அவன் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே வாசற்படியில் உட்கார்ந்தான்.

"பின்னாடி வர்றான்னு நெனச்சேம்மா," என்றான். "‘முன்னாடி போ, வர்றேன்’னான். தினமும் அப்படித்தான் சொல்லுவான். நானும் தினமும் அவனோடதைச் சேர்த்து மாத்துவேன். அன்னைக்கும் மாத்தினேன். மெசேஜ் போட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேம்மா. நல்லாத் தூங்கினேன்."

"காலைல?"

"காலைல அவனை வெளிய தூக்கிட்டு வந்தோம். வாசலைத் தாண்டினதும் அவன் பாக்கெட்டுல டிங்னு அடிச்சுது." அவன் தன் சட்டைப் பையைத் தொட்டான். "என் மெசேஜ். அப்பதான் போய்ச் சேர்ந்துது."

தந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே குழந்தை வரைந்த ஒரு வீடு ஒட்டியிருந்தது.

"அதை யாராவது பார்த்துடுவாங்கன்னு, லாக் திறந்து அழிக்கவும் முடியாம, அண்ணன் போனை நீங்க எடுத்துக்கிட்டீங்க," என்றார் ஊசி. "உங்க போன்ல இருந்ததை அழிச்சுட்டு, அண்ணனோடதுன்னு அம்மாகிட்ட குடுத்தீங்க. பார்த்தா வித்தியாசம் தெரியாது. அண்ணன் போன் எங்க?"

"என் லாக்கர்ல. தூக்கிப் போட மனசு வரலை."

"உங்கண்ணி மேல பழி வர்றதைப் பார்த்துட்டு ரெண்டு மாசம் சும்மா இருக்க மட்டும் மனசு வந்துதா?"

"விபத்துன்னு மூடிடுவாங்கன்னு நெனச்சேன் சார். இந்தப் பாழாப்போன ஆப்பு வரும்னு யாருக்குத் தெரியும்? அம்மா தினம் இதோட பேசறதைப் பார்க்கறப்போ எல்லாம்..." அவன் முகத்தை மூடிக்கொண்டான். "அண்ணன்னு நெனச்சுக் கொஞ்சறாங்க சார். எல்லாம் என் வார்த்தை."

அம்மாள் அழவில்லை. மேசைக்குப் போனாள். துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தைப் பிரித்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினாள். அடித்த ஒவ்வொரு சொல்லின் அடியிலும் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். சீரான இடைவெளியில், அவசரம் இல்லாமல். மாத்திட்டேன். ஏழு. அண்ணி. பக்கம் பக்கமாகப் போனாள். நோட்டு முடிய எட்டு நிமிடம் ஆனது.

பிறகு அவள் கடைசிப் பக்கத்துக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

"தம்பி," என்றாள் தந்தியிடம். "பாப்பாவை அவ அம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுடுங்க. ராத்திரி படுக்கறப்போ அந்தப் பச்சைப் போர்வை இல்லைன்னா அழுவா. அதையும் எடுத்துக்கோங்க."

"அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்மா?"

யோசித்தாள். "நான் நேர்ல வந்து சொல்றேன்னு சொல்லுங்க. கதவைத் திறக்கறதும் திறக்காததும் அவ இஷ்டம்."

தந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டான். மற்றொரு கையில் போர்வை. பையில் அவன் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து. எத்தனை மணிக்கு வருவீங்க? வழக்கமான பதிலைக் கட்டைவிரல் தானாகவே பாதி தட்டிவிட்டது. அதை அழித்தான். ‘தெரியலை, லேட்டாகும்’ என்று அனுப்பினான்.

அம்மாள் வாசற்படிக்கு வந்தாள். குனிந்து சின்னவனின் கையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, மறுபடி அதே கையில் வைத்தாள்.

"எந்திரிடா. அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகணும்னு சொன்னேன்ல."

அவன் எழுந்தான். அவளுடைய தோளைப் பிடிக்கப் பார்த்தான். அவள் பிடிக்க விடவில்லை, தள்ளவும் இல்லை. தானே முதல் படியில் கால் வைத்தாள்.

பின்னால் பீரோவுக்குள் முள் துள்ளியது.

"சரிண்ணா," என்றது காலிக் கூடம்.

"போனை எடுத்துக்கலையாம்மா?" என்றார் ஊசி. "சாட்சியாச்சே."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எதுக்கு? பேச வேண்டியவனை நேர்லயே கூட்டிட்டுப் போறேன்."